பழவங்காடியில் இடித்த வண்டி

நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பினேன். பதினான்கு நாள் இருக்கும்படி ஆயிற்று. திரும்பி வந்ததும் பள்ளிக்கூடத்தில் கோவளம் பார்த்தீர்களா, மிருகக்காட்சிசாலை பார்த்தீர்களா என்று கேட்டார்கள். நான் பார்த்தது ஒரு போலீஸ் ஸ்டேஷன், ஒரு ஆஸ்பத்திரி, பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் இருக்கிற ரோடு. அந்த மூன்றையும் பற்றி இனிமேல் யார் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும்.

என் அண்ணன் முப்பத்தைந்து வருஷமாக அந்த ஊர்க்காரன். பழவங்காடியில் பித்தளை விளக்கும் உருளியும் விற்கிற கடை வைத்திருக்கிறான். அவன் மனைவி, என் மைனி, அதே ஊரில் கரமனையில் பிறந்து வளர்ந்தவள், பூர்வீகம் நாஞ்சில் நாடு. அவள் தமிழில் பாதிக்குப் பாதி மலையாளம் இருக்கும். நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள் அதைக் கேலி பண்ணுவோம், அவள் எங்கள் இழுவையைத் திருப்பிக் கேலி பண்ணுவாள். அந்த மைனி ஒருநாள் காலையில் போன் பண்ணி, கேலி எதுவும் இல்லாமல் பேசினாள்.

அண்ணனுக்கு இரண்டு மாதமாக இருமல். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் ஒரு நிழல் தெரிகிறது, ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். ஊசி போடுகிற டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை மட்டும்தான் வருவார். “செம்பகம், நீ ஒண்ணு வருவியா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, கேட்டியா,” என்றாள் மைனி.

அவர்களுடைய ஒரே மகன் ரவி ஷார்ஜாவில் இருக்கிறான். அவனிடம் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் நோய் விஷயத்தில் இப்படித்தான். முடிவு தெரிகிறவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். எங்களுக்குள் பேசும்போதுகூட நிழல் என்று சொல்லமாட்டோம், ‘அந்த விஷயம்’ என்போம். என் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது அவளுடைய தங்கைக்கே ஆறு வருஷம் கழித்துத்தான் தெரியும்.

பஸ்ஸில் போ என்றார் என் கணவர். நான் கேட்கவில்லை. ஐம்பது வயதில் கார் ஓட்டப் படித்தவள் நான். என்னோடு படிக்கச் சேர்ந்த இரண்டு பேர் பாதியில் விட்டுவிட்டார்கள். நான் படித்து முடித்து, வண்டியும் வாங்கி, பள்ளிக்கூட வாசலில் போய் இறங்கியபோது வாட்ச்மேன் எழுந்து நின்றார். அந்த வண்டியை அண்ணனிடம் காட்ட வேண்டும் என்ற ஆசையும் அந்தப் பயணத்தில் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் தெருவுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். டயரை உதைத்துப் பார்த்தான். மெலிந்திருந்தான். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும்படி இடைவெளி. கஞ்சியும் சிறுபயறும் சுட்ட பப்படமும் சாப்பிட்டோம். குடிக்க, அந்த ஊர் வழக்கப்படி மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்த சிவப்புத் தண்ணீர். பத்து மணிக்கு மேல் அண்ணன் எதுவும் சாப்பிடக் கூடாது என்று மைனி சமையற்கட்டு விளக்கை அணைத்தாள்.

புதன் காலை பத்தரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஒன்பதுக்கே கிளம்பிவிட்டோம். பழவங்காடி வந்ததும் மைனி ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாம் என்றாள். அந்த ஊரில் பரீட்சையானாலும் பெண் பார்க்கப் போனாலும் புது ஸ்கூட்டர் எடுத்தாலும் முதலில் அந்தப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாக வேண்டும். தேங்காய் சிதறுகிற சத்தம் ரோட்டின் எதிர்ப்பக்கம் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். வண்டி நிறுத்த மட்டும் இடம் இருக்காது.

நான் ஊர்ந்துகொண்டே இடம் தேடினேன். கண் இடதுபக்கம் இருந்தது. முன்னால் போன வெள்ளைக் கார், ரோட்டைக் கடந்த ஒரு கூட்டத்துக்காக நின்றது. நான் நிற்கவில்லை.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஆனால் என் பம்பர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது, ஒரு விளக்கு நொறுங்கிவிட்டது. அந்தக் காரின் பின்கதவு ஒரு சாண் அகலத்துக்கு உள்வாங்கியிருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

எங்கள் ஊரில் இப்படி நடந்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு கட்சி சேரும், குரல் உயரும், ஐந்து நிமிஷத்தில் ஏதோ ஒரு விதமாக முடியும். திருவனந்தபுரத்தில் கூட்டம் விசாரணைக் கமிஷனாக மாறுகிறது. ஒருவர் என் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். ஒருவர் இரண்டு வண்டிக்கும் நடுவிலிருந்த தூரத்தைக் காலடியால் அளந்தார். லாட்டரி விற்கிறவர் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தப்பு என்னுடையதுதான் என்று மிகுந்த மரியாதையோடு மலையாளத்தில் தீர்ப்புச் சொன்னார்.

வெள்ளைக் காரின் சொந்தக்காரருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். வெள்ளை வேட்டி, கையில் மடக்குக் குடை. கோபமே படவில்லை. யாரையும் குறை சொல்ல வரவில்லை, போலீஸ் வந்து பார்த்து எழுதட்டும், எல்லாம் முறைப்படி நடக்கட்டும் என்றார். இன்சூரன்ஸுக்கு ஸ்டேஷன் டைரியில் பதிந்த சீட்டு வேண்டுமாம். ‘ஜி.டி. என்ட்ரி’ என்று அந்தக் கூட்டத்தில் எல்லோருமே சொன்னார்கள், பூ விற்கிற அம்மாள் உட்பட.

நான் அங்கேயே தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். நான் கணக்கு டீச்சர். அவர் திடீரென்று நிறுத்தினார், பிரேக் விளக்கு எரியவில்லை என்று வாதம் பண்ண ஆரம்பித்தேன். விளக்கு எரிகிறது என்று அவர் எரியவிட்டுக் காட்டினார். நான் வேறு காரணம் தேடினேன். மணி பத்தாயிற்று, பத்தரையாயிற்று. அண்ணன் ஒரு கடையின் நிழலில், காய்ந்த உதட்டோடு, கையில் படங்கள் இருந்த கவரைப் பிடித்தபடி நின்றான். மைனி என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள். “ஆஸ்பத்திரிக் காரியம் ஒண்ணும் ரோட்டுல வச்சுச் சொல்லிராத, செம்பகம்.” நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

போலீஸ்காரர் வந்து பார்த்து, இரண்டு பேரையும் மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனபோது பன்னிரண்டு. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டாக்டர் கிளம்பிவிட்டார், அடுத்த புதன்கிழமை வாருங்கள் என்றார்கள்.

நான் ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்து அழுதேன். அண்ணனுக்காக அழுதேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அழுதது பம்பருக்காக. அண்ணன் ஜன்னல் வழியாகக் குனிந்தான்.

“ஏட்டி, எதுக்கு அழுத? கண்டம் வண்டியோட கழிஞ்சிட்டுன்னு வச்சுக்கோ. பெரிசா வரவேண்டியது, சின்னதா வந்துட்டுப் போயிட்டு.”

மைனி அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு நேரே கோயிலுக்குள் போய், ஒன்றுக்குப் பதில் பதினொரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். வியர்த்திருந்தாள், முகம் தெளிந்திருந்தது. பிறகு அண்ணன் பசிக்கிறது என்றான். தெற்குத் தெருவில் இலை போடுகிற ஓர் ஓட்டலுக்குக் கூட்டிப்போனான். அங்கே கடைசியில் போளியை இலையில் போட்டு அதன்மேல் பால்பாயசத்தை ஊற்றுகிறார்கள். முதலில் எனக்கு அது முறையில்லாத காரியமாகப் பட்டது. இரண்டாவது போளியில் சமாதானமாகிவிட்டேன். அண்ணன் மூன்று சாப்பிட்டான். சப்ளை செய்கிறவரிடம் என் வண்டியோட்டும் திறமையைப் பற்றிக் கதை சொல்லிச் சிரித்தான். சாப்பிட்டு முடிகிறவரை ஒரு தடவைகூட இருமவில்லை. கண்டம் கழிந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் போன் ஓயவில்லை. என் கணவர் முதலில் உனக்கு ஒன்றுமில்லையே என்றார், பிறகு கால் மணிநேரம் பம்பரைப் பற்றிக் கேட்டார். நாகர்கோவில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விபத்துக் கதை வைத்திருந்தார்கள். ரவி ஷார்ஜாவிலிருந்து போட்டோ அனுப்பச் சொல்லி, பெரிதாக்கிப் பார்த்து, எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னான். மைனி அவனிடம் லாட்டரிக்காரரின் தீர்ப்பு வரை ஒன்று விடாமல் சொன்னாள். எதற்காகப் போகும்போது இடித்தது என்று அவன் கேட்டதற்கு, “சும்மா, கோயிலுக்குடா மக்கா,” என்றாள். பல நாளாக அந்த வீட்டில் யாருக்கும் பேச ஒன்றுமில்லாமல் இருந்திருக்கிறது. இப்போது எல்லோருக்கும் பம்பர் இருந்தது.

வியாழக்கிழமை வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். குடைக்காரர் எனக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீர்ப்பாசன இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். எழுதுகிறவர் வர நேரமாகும் என்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. அவர் எதிர்க்கடைக்குப் போய் பாலில்லாத கட்டன் சாயா இரண்டு டம்ளர் வாங்கிக்கொண்டு, குடை பிடிக்கக் கையில்லாமல் நனைந்தபடி வந்தார். டீச்சருக்கு நேற்று அப்படி என்ன அவசரம் என்று மலையாளத்தில் கேட்டார். தெரியாத மனிதர் என்பதால்தான் போல, எனக்குச் சொல்ல வந்தது. அண்ணன், நுரையீரல், ஊசி, பத்தரை மணி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே வழி விட்டிருப்பேனே, டீச்சர். கதவா பெரிது? ஏன் சொல்லவில்லை?” என்றார். அன்று ரோட்டில் நாங்கள் மூன்று பேர் நின்றோம், மூன்று பேருக்கும் வாய் இருந்தது. எழுதுகிறவர் வந்ததும், தன் பக்கமும் கொஞ்சம் தவறு உண்டு என்று எழுதிக்கொள்ளச் சொன்னார் அந்த மனிதர். எழுதுகிறவர் அப்படியெல்லாம் எழுத முடியாது என்றார்.

திரும்பும்போது மலையாளப் பலகை படிக்கத் தெரியாமல், அண்ணன் வீடு இருக்கிற கரமனைக்கு எதிர்த்திசையில் போகிற சிவப்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன். மழைக்காக ஜன்னல் ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்டிருந்ததால் எங்கே போகிறது என்றும் தெரியவில்லை. பேரூர்க்கடையில் கண்டக்டர் கடைசி ஸ்டாப் என்று இறங்கச் சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சரியான பஸ்ஸில் உட்காரவைத்தாள். அந்த ஒருமணி நேரமும் குடைக்காரர் கேட்டது என் காதில் இருந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை வண்டி புதிதுபோலத் திரும்பி வந்துவிட்டது. எனக்குத்தான் அதில் ஏற மனம் வரவில்லை. வாசலிலேயே நிறுத்திவைத்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவை நீட்டி எழுதினேன்.

திங்கட்கிழமை அண்ணனோடு கடையில் உட்கார்ந்திருந்தேன். ஓர் ஐந்து திரி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவன் இருமத் தொடங்கினான், நிற்கவில்லை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். அவன் அதை மடித்துப் பைக்குள் வைப்பதற்குள் சிவப்பு என் கண்ணில் பட்டுவிட்டது. வெற்றிலை போடுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. போளியும் பாயசமும் பதினொரு தேங்காயும் அந்த நிமிஷத்தில் என்னைவிட்டுப் போயின.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றேன். கண்டம்தான் கழிந்தாயிற்றே, பிறகு என்னத்துக்கு என்றான். நான் குரலை உயர்த்தினேன். வந்த வாடிக்கையாளர் விலை கேட்காமலே போய்விட்டார். நீ வரவில்லை என்றால் இப்போதே ரவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். அண்ணன் அந்த விளக்கையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை ராத்திரி, யாரும் சொல்லாமலே, சாப்பாட்டை முடித்துக்கொண்டு தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தான்.

புதன்கிழமை ஆட்டோவில் போனோம். பழவங்காடியில் நிறுத்தச் சொல்லி மைனி கேட்கவில்லை, கையை மட்டும் குவித்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக ஒருவர்தான் இருக்கலாம். மைனி வெளியே இருக்கிறேன் என்றுவிட்டாள், அட்டையை என் கழுத்தில் மாட்டினார்கள். ஊசி போட்டு முடிந்ததும் நான் டாக்டரிடம் போன வாரம் வரமுடியாமல் போனதைச் சொன்னேன். அவர் சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாகவே பேசினார். ஒரு வாரத்தில் எதுவும் மாறியிருக்காது, அம்மா, என்றார். உண்மையைச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முடிவு வாங்க வேண்டிய திங்கட்கிழமை காலையில் அண்ணன் என் வண்டியில்தான் வருவேன் என்றான். ஆட்டோ குலுக்குகிறதாம். நான் முப்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்கள். அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்து, அடிக்கட்டும், நீ உன்பாட்டுக்குப் போ என்றான்.

புற்றுநோய்தான். அன்றைக்கே எடுத்த இன்னொரு படத்தில் கல்லீரலிலும் இரண்டு இடத்தில் தெரிகிறது. மருந்து ஏற்றலாம், கொஞ்சநாள் கூடக் கிடைக்கும், வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று, முதலில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் நிதானமாகச் சொன்னார். எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை. மைனிதான் பேசினாள்.

“வண்டி இடிச்சதோட போயிட்டுன்னு நெனச்சோம், டாக்டர்.”

டாக்டருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

மைனி மருந்து வாங்கும் வரிசையில் நின்றாள். நானும் அண்ணனும் வண்டியில் வந்து உட்கார்ந்தோம். வெயில் கண்ணாடியில் அடித்தது. அண்ணன் கேட்டான்.

“கண்டம் கழிஞ்சிட்டுன்னு சொன்னேன்லா. நீ நம்புனியா?”

“நம்புனேன்.”

“நான் நம்பல. நீ அழுத, அதுக்காகச் சொன்னேன். பெறவு அன்னைக்கு ஊசி இல்லன்னு ஆனதும் எனக்கு அவ்வளவு நிம்மதி. வண்டி இடிச்சதே நல்லதுன்னு நெனச்சேன். பயமா இருக்குட்டி, செம்பகம்.”

என்னைவிட எட்டு வயது மூத்தவன். அப்பா செத்த அன்றைக்கு எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தவன். பயம் என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஒரு பம்பர் உடைந்ததற்கு அவனுக்கு உடனே ஆறுதல் சொல்ல வந்தது. முப்பது வருஷம் வகுப்பில் பேசிய எனக்கு ஒன்றும் வரவில்லை.

“எனக்கும்தாண்ணே,” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். என் கை கியரின் மேல் இருந்தது, அதன்மேல் அவன் கையை வைத்துக்கொண்டான். சூடாக இருந்தது. பையனிடம் சொல்ல வேண்டுமே என்றான். தானே சொல்வதாகச் சொல்லிச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். மணி அடித்த இரண்டாவது தடவையிலேயே ரவி எடுத்துவிட்டான். வண்டிக்குள் அவன் குரல் தெளிவாகக் கேட்டது, உற்சாகமாக இருந்தான்.

“அப்பா, அத்தை வண்டி எப்படி இருக்கு? பட்டறையில நல்லாப் பண்ணிட்டாங்களா?”

“நல்லாப் பண்ணிட்டாங்க, மக்கா,” என்றான் அண்ணன். “பெயிண்டெல்லாம் ஒத்துப்போச்சு. பார்த்தா இடிச்சதே தெரியல.”

அதற்குமேல் அவனுக்கு வரவில்லை. போனை என் பக்கம் நீட்டினான். அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளை, அப்பா, ஹலோ, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

“ரவி, வண்டிய விடு,” என்றேன். “எங்கயாவது உக்காந்துக்கோ, மக்கா. அப்பாவப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”